வினா எண் பதினேழு

பல்கலைக்கழகத்தில் என் மேசை
நான்கு துறைகளுக்கும் நடுவே, நடையில் கிடக்கிறது.
வரலாற்றுக்காரர்கள் என்னைச் சமூகவியல் என்பார்கள்.
சமூகவியலில், "உளவியல் பக்கம் போய்ப் பாரம்மா."
மொழியியலில் மட்டும் தேநீர் உண்டு.
தேசத்தோடு 'இயம்' எப்போது ஒட்டியது என்று கேட்டால்
தேநீர் ஆறும்வரை பேசுவார்கள்.

நாற்பத்திரண்டு வினாக்களோடு
களியக்காவிளையில் இறங்கினேன்.
மழை மாநிலம் பார்க்காமல் பெய்கிறது என்று
குறிப்பேட்டில் எழுதி
வெட்கப்பட்டு அடித்தேன்.

மாதிரி எண் முப்பத்தொன்று: ஞானதங்கம், வயது நாற்பத்தாறு.
ரப்பர் ஷீட் எடைபோடும் கடையில் கணக்கு.
புளித்த பால் வாடை. காலடியில் ஒரு பூனை.
தொழில் என்ற கட்டத்தில்
என் பேனாவை வாங்கி 'பலதும்' என்று எழுதிக்கொண்டார்.

பதினாறு வரை சிக்கலில்லை.
கொடியைக் கண்டால் பெருமை: உடன்படுகிறேன்.
கீதம் ஒலித்தால்: "எழும்பி நிப்பேன், முட்டு வலிக்கல்லேங்கி."
கிரிக்கெட்டுக்கு ஐந்து கட்டமும் போதவில்லை.

பதினேழு: உங்கள் தேசம் எது?

"கூவவிளை."

ஊர் இல்லை அக்கா, தேசம்.

"அதத்தான பறயுதேன். கூவவிளை தேசம்."
தகரப்பெட்டியைத் திறந்து
பழைய பிரமாணம் ஒன்றை எடுத்தார்.
மலையாள எழுத்து. விரல்வைத்து வாசித்தார்:
விளவங்கோடு தாலுகா, இன்ன பகுதி, கூவவிளை தேசம்,
கிழக்கே தோடு, மேற்கே தாசையன் புரயிடம்,
வடக்கே இடவழி, தெற்கே கல்லறைத் தோட்டம்.
"இவ்வளவாக்கும். அம்பது அறுபது வீடு.
ஒரு ஆளு செத்தா அந்திக்குள்ள எல்லாருக்கும் தெரியும்."

என் இரண்டாம் அத்தியாயத்தில் தேசம் என்பது
முகம் தெரியாதவருக்காக அழ முடிவது.
அடிக்குறிப்புகள் இருபத்தாறு.

"எங்க அப்பன் தமிழ்நாட்டோட சேரணும்னு மனு எழுதினாரு.
மலையாளத்துல.
அவருக்குப் படிப்பிச்ச எழுத்து அதாக்கும்.
போலீசு அடிச்சப்ப அய்யோன்னாராம்,
அது ரெண்டுலயும் ஒண்ணுதான்."
சிரித்தார். நான் ஒலிப்பதிவை அழுத்தியிருக்கவில்லை.

பதினெட்டு: தேசத்துக்காக உயிரையும் கொடுப்பேன்.

"ஆருக்கு, தாசையனுக்கா?
வேலிக்கேஸு பதினொரு வருசமா குழித்துற கோர்ட்டுல கெடக்கு."

ஒரு லாரி பின்னால் வந்து நின்றது.
எழுந்துபோய் ஷீட்டுகளை எண்ணி, எடைபோட்டு,
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழித்து,
டிரைவரோடு அதற்குச் சண்டையும் போட்டுவிட்டு
வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்க பிள்ள தோட்டுல போனப்ப
சாடினது எனக்க மாப்ளயாக்கும்.
வெள்ளம் பொங்கிக் கெடந்த வருசம்."

பிறகு?

"பிள்ள கிட்டிச்சு."

பேனா என் கையில் இருந்தது.
மிகவும் உடன்படுகிறேன்,
உடன்படுகிறேன்,
கருத்தில்லை.
"ஏதெங்கிலும் ஒண்ணுல போடு மோளே, எனக்கு ஜோலி கெடக்கு."

மார்த்தாண்டம் விடுதியில் கரண்ட் இல்லை.
நெறியாளர் தொலைபேசியில்,
பொருந்தாத பதில்களை நீக்கிவிடு என்றார்.
கைபேசி வெளிச்சத்தில்
முந்தைய முப்பது தாள்களையும் புரட்டினேன்.
ஏழு பேர் ஊர்ப்பெயர் சொல்லியிருந்தார்கள்.
பக்கத்தில், ஏழு முறையும், என் கையெழுத்தில் 99.
99 என்றால்
வினா புரியவில்லை.

மையால் எழுதியிருந்தேன்.