மடக்கு

முக்கூடல் ஸ்டேஷனுக்கு ரைட்டராக வந்து நாலு வருசம்.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்,
அதனால் லத்தியைவிடப் பேனா பிடித்ததே அதிகம்.
எனக்குப் பழகிய வினைச்சொற்கள் கொஞ்சம்தான்:
சுற்றி வளைத்து, மடக்கிப் பிடித்து,
கைப்பற்றி,
நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்து.
ஆட்டுத் திருடனுக்கும் அதுதான், மணல் லாரிக்கும் அதுதான்.
ஒருமுறை கயிற்றை அறுத்து ஓடிய கோயில் காளைக்கும்
பழக்கதோசத்தில் அதையே எழுதிவிட்டேன்.
இன்ஸ்பெக்டர் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுண்டு:
வந்த சொல்லே மறுபடி வந்து
வேறு பொருள் தந்தால் அது மடக்கு.
பரீட்சைக்கு இரண்டு மார்க்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை.
வயர்லெஸ் கரகரத்தது:
‘ஆறு கட்டுக்குள்ள இருக்கு, ஓவர்.’
எந்தக் கட்டு என்று ஆற்றிடம் யாரும் கேட்கவில்லை.
படித்துறையில் பதினோரு படியைக் காணோம்.

அந்த மழையில்தான் அவள் வந்தாள்.
பேராச்சி. ஆதாரில் எவனோ
‘பேராட்சி’ என்று திருத்தி வைத்திருந்தான்.
உதடு கிழிந்திருந்தது.
சுளகைத் தார்ப்பாயில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள்.
‘சாயந்திரம் கடைக்குக் கணக்குக் குடுக்கணும் ஏட்டம்மா,
காத்துக்கிடக்கையில சுத்திக்கிடுதேன்.’

பெஞ்சில் இருந்து சுற்றினாள்.
இலையைச் சுருட்டினாள், நுனியை மடக்கினாள்,
நூலைக் கட்டினாள், இருபத்தஞ்சு இருபத்தஞ்சாக அடுக்கினாள்.
மடக்கு, கட்டு. என் சொற்கள்தான்.
அவள் விரலில் அவை
ஒருத்தரையும் காயப்படுத்தவில்லை.

புருசன் உச்சிமாகாளி, லோடு ஆட்டோ.
ஆறு வருசம் முன்னால் புரோட்டாக் கடையில்
‘பேராச்சிய மடக்கிட்டம்ல’ என்று
கூட்டாளிகளுக்கு ஆம்லேட் வாங்கிக் கொடுத்தவன்.
‘கயித்தக் கட்டு, தன்னால அடங்கிருவா’
என்றாளாம் அவன் அக்கா.
கட்டினான்.
எஸ்.ஐ. அய்யா எட்டிப் பார்த்து
‘பேசி வழிக்குக் கொண்டுவாம்மா’ என்றார்.
யாரை என்று சொல்லவில்லை.
சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

எங்கள் தாளில் அடித்தவனுக்குப் பேர் எதிரி.
எழுதினேன்:
‘மேற்படி எதிரி வாதியை அடித்து, அடக்கி,
தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததாக…’
விதிப்படி வாசித்துக் காட்டினேன்.

சுற்றுவதை நிறுத்தினாள்.
‘அந்த அடக்கிய எடுத்துருங்க.’
‘ஏன், அடிச்சாம்லா?’
‘அடிச்சான். தலைமுடியப் பிடிச்சி நடைக்கல்லுல இடிச்சான்.
அத எழுதுங்க. ரெண்டு தடவ வேணும்னாலும் எழுதுங்க.
அடங்குனாத்தான ஏட்டம்மா அடக்குனது?
நான் எப்ப அடங்குனேன்?
அவன் செய்யாதத அவன் கணக்குல ஏத்தாதிய.’

அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது.
ஆனாலும் கோடு போட்டேன்,
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
‘கட்டுப்பாட்டில்’ என்பதற்கும் ஒரு கோடு.
மிச்சம் இருந்தவை சின்னச் சின்னச் சொற்கள்:
அடித்தான். இடித்தான். கதவைப் பூட்டினான்.
நான் ஓட்டைப் பிரித்து வந்தேன்.

ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு
எண்ணூற்றுச் சொச்சம் பீடியோடு அவள் இறங்கினாள்.
குடை இல்லை. தார்ப்பாய் சுளகுக்குத்தான்.

விளக்கு வைக்கிற நேரம் மறுபடி கரகரப்பு.
‘முக்கூடல், முக்கூடல், நிலைமை என்ன, ஓவர்.’
நாலு வருசமாக அதற்கு என்னிடம் ஒரே பதில்தான்.
நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.
சன்னல் வழியே ஆற்றுப் பக்கம் பார்த்தேன்.

‘பதினாலு படி முங்கிட்டு அய்யா.
இன்னும் ஏறுது.
ஓவர்.’