மிளகளவு

இரவு இரண்டு மணிக்கு
என் இடது கால் விழித்துக்கொள்ளும்.
நான் அதற்குப் பிறகுதான்.

பகலில் அதற்குக் கிளட்ச் வேலை.
மூணாம் டிவிஷன் லயத்திலிருந்து
பகாவ் தமிழ்ப்பள்ளி வரை
பதினேழு பிள்ளைகள், பதினெட்டுப் பைகள்
(ஒன்று கராத்தே உடுப்பு).
செம்பனை லோரிக்கு ஒதுங்க ஒரு மிதி,
மேடேற ஒரு மிதி,
ரயில் கேட்டில் மிதித்தபடியே நிற்பேன்.
கால் ஒன்றும் சொல்லாது.
புகாரையெல்லாம் இரவுக்கு வைத்திருக்கும்.

முதலில் கௌட் என்றார்கள்.
நெத்திலியை விட்டேன். பருப்பை விட்டேன்.
ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், யூரிக் அமிலம் ஒழுங்காக இருந்தது.
அப்படியும் வரும் என்றார்கள்.
பிறகு சுளுக்கு.
கடைத்தெரு சின்சே கறுப்பு மருந்து அப்பி
வாழைப்பூ மாதிரி கட்டிவிட்டார்,
ஒரு வாரம் பிள்ளைகள்
மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.
பிறகு எடை.
என் எடையைப் பற்றிப் பேச
எல்லாருக்கும் ஒரு வாய் இருந்தது.

எக்ஸ்ரேயில் எதுவுமில்லை.
அந்த எதுவுமில்லாததை
பழுப்பு உறையில் போட்டு
அலமாரிக்கு மேல் ஒன்பது மாதம் வைத்திருந்தேன்.

சந்திரமோகன் விளக்குப் போடமாட்டார்.
இருட்டில் ஆஸ்பிரின் அட்டை நொறுங்கும் சத்தம்,
அப்புறம் தண்ணீர்க் குவளை என் கைக்கு வரும்.
அரை மணியில் வலி அடங்கிவிடும்,
கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்ட வேன் போல.

ஜெம்போல் ஆஸ்பத்திரிக்கு
புதிதாக வந்த டாக்டர் நூர் ஹனிசா
காலைத் தொடுவதற்கு முன்பு கேட்டார்:
எந்த நேரத்தில் வலிக்கும்?
ராத்திரியில்.
எந்த மாத்திரைக்குக் கேட்கும்?

தலையைக் குனிந்துகொண்டேன்.
யாரையும் கேட்காமல்
ஒரு வருஷமாக விழுங்கிய குற்றம்.
ஆஸ்பிரின், என்றேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
திட்டுக்குக் காத்திருந்தேன்.
"ஒவ்வொரு ராத்திரியும் அது தன் பேரைச் சொல்லியிருக்கிறது,
நாங்கள்தான் கேட்கவில்லை."

சிரம்பானில் சிடி ஸ்கேன்.
கணுக்காலின் எலும்பை
ரொட்டி போல மெல்லிசாய் அரிந்து திரையில் அடுக்கினார்கள்.
ஒரே ஒரு துண்டில்
மிளகளவு கறுப்பு,
சுற்றிலும் எலும்பு வெள்ளையாய்த் தடித்து
மதில் எழுப்பியிருந்தது.

கட்டி, என்றார் அங்கிருந்த டாக்டர்.
சந்திரமோகனின் கை
என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.
"கேன்சரா?"
"இல்லை. பரவாது. பெரிதாக வளராது.
வலிக்க வைப்பது ஒன்றுதான் இதற்குத் தெரியும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சொந்தத்திலேயே எனக்கு அப்படி ஒருவர் உண்டு.

முதுகில் ஓர் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
தோலில் துளையிட்டு, எலும்பில் துளையிட்டு,
மிளகின் நடுவில் இன்னோர் ஊசியை நிறுத்தி
நுனியைச் சூடாக்கினார்கள்,
தொண்ணூறு டிகிரி, ஆறு நிமிஷம்.
ஆறு நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
கூட்ஸ் வண்டி போய் முடிந்து
கேட் தூக்குகிற நேரம்.
மனசுக்குள் பெட்டிகளை எண்ணினேன்.

விரல் நகத்தளவு பிளாஸ்டர்.
அத்தனை ராத்திரிகளும்
இவ்வளவு சின்ன வாசல் வழியாகவா வெளியேறின?

இரண்டு வாரம் கிளட்ச் கூடாது.
மூன்று மாதம் ஓடக்கூடாது
(நான் எப்போது ஓடினேன்?).
வேனை யோகேஸ்வரி ஓட்டுகிறாள்,
கியர் அலறுகிறதாம், பிள்ளைகள் புகார்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு
இரண்டு மணிக்கு விழித்தேன்.
கால் தூங்கிக்கொண்டிருந்தது.
பெருவிரலை ஆட்டிப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.
தூரத்தில் எண்ணெய் ஆலை இரைந்தது,
இத்தனை நாளும் இரைந்திருக்கும்.

பக்கத்தில் அட்டை நொறுங்கியது.
வேண்டாம், என்றேன்.
நீட்டிய கை
உடனே திரும்பிப் போகவில்லை.

இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்,
செய்வதற்கு ஒன்றுமில்லாமல்.
"பசிக்குதா?" என்றார்.
அப்போதுதான் தெரிந்தது.
முதல்முறையாக விளக்கைப் போட்டார்.

இரண்டு இருபதுக்கு
எங்கள் வீட்டில் நெத்திலி வறுபட்டது.