வளைவில் நிற்கும் வெள்ளைக் கார்

வாங்க வந்தவன் குனிந்து பார்த்தான்.
கூரையில், டிக்கி மூடியில், இடப்பக்கக் கதவு இரண்டிலும்
மிளகாய்ப்பொடி சலித்துத் தூவியதுபோல்
செம்புள்ளிகள்.
“துரு” என்றான்,
தீர்ப்பைப் படித்துவிட்டு எழுந்துபோகிறவன் மாதிரி.
இருபதாயிரம் கொருனா குறைத்தால் எடுத்துக்கொள்வானாம்.
ரட்மிலா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்த்ராவாவில் நவம்பர் பொழுது
நாலரைக்கே கடையைக் கட்டிவிடும்.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து
தெருவிளக்கின் அடியில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்பது வருஷக் கார்.
அதன் கீறல் ஒவ்வொன்றும் எந்தத் தூணில், எந்தச் சண்டைக்குப் பிறகு
என்று தேதியோடு சொல்வாள்.
இந்தப் புள்ளிகளுக்கு மட்டும் தேதி இல்லை.
வலப்பக்கக் கதவில் ஒன்றுகூட இல்லை.
அதுதான் உறுத்தியது.
உள்ளிருந்து அரிக்கிற துரு
இடம் வலம் பார்க்குமா என்ன?

சனிக்கிழமை லுபோமிரின் கொட்டகை.
ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு
கதவைத் தடவச் சொன்னான்.
வெறும் விரலுக்கு வழவழப்பு.
பைக்குள் போன விரலுக்கு
உப்புத்தாள்.

கழுவி, நிழலில் ஆறவிட்டு
மருந்தைத் தெளித்தான்.
அழுகிய முட்டையும்
முடி சுருட்டும் சலூனும் கலந்த நாற்றம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு புள்ளி, இன்னொன்று, சட்டென்று எல்லாம்
நாவற்பழம் தின்ற வாய்போல் ஊதாவாகக் கசிந்து
வெள்ளைக் கதவில் வழிந்து
சிமெண்ட் தரையில் ஓடின.

“இரும்பு” என்றான் லுபோமிர்.
“உன் காரோடது இல்ல.
எங்கிருந்தோ சூடா பறந்து வந்து தைச்சது.
அது வெளியில கெடந்து துருப்பிடிக்குது, கார் இல்ல.
காயவிடாத, தண்ணிய ஊத்து.”

அப்படியும் போகாதவற்றுக்குக் களிமண் கட்டி.
சோப்புத்தண்ணீர் வழியவிட்டு, நேர்கோட்டில்
தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுகிற அழுத்தத்தில்.
ஒருமுறை கைநழுவிக் கட்டி கீழே விழுந்தது.
“தூக்கிப் போடு. மண்ணு ஒட்டினா கீறிடும்.”
இருநூறு கொருனா, அப்படியே குப்பைக்கு.

“ரயில் பாதை ஓரமா வீடு?”
“டிராம் வளைவு.”
“அப்ப அதை ஓட்டுறவனப் போய்க் கேளு.”

ரட்மிலா பதில் சொல்லவில்லை.
பதினாலு வருஷமாக அந்த வளைவில்
பிரேக் பிடிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.
சக்கரம் தண்டவாளத்தைக் கடித்து அலறும்போதெல்லாம்
மூன்றாம் மாடியில் யாரோ புரண்டு படுத்து வைவார்கள் என்று
அவளுக்குத் தெரியும்.
ஓய்வு நாளில் அவளும் வைதிருக்கிறாள்.
யாரை என்றுதான்
இதுவரை யோசித்ததில்லை.

மெழுகு பூசி முடிக்க இருட்டிவிட்டது.
வாங்க வந்தவனுக்குத் தொலைபேசினாள்.
முழு விலை என்றாள். வந்து தடவிப் பார் என்றாள்.

திங்கள், விடியாத நாலு நாற்பது.
தூறல். தண்டவாளத்தில் ஈர இலை.
வளைவு வருகிறது.
ஓரத்தில் அவள் கார்,
மழைத்துளி நிற்காமல் உருள
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நிற்கிறது.
கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து
சத்தமில்லாமல் ஊர்ந்துபோய்விடலாம்
என்று கணக்குப் போட்டிருந்தாள். குறைத்தும் இருந்தாள்.

அப்போதுதான்
அடுமனை வேலை முடிந்த பையன்,
சட்டையெல்லாம் மாவு, காதில் பாட்டு,
பாதையில் காலை வைத்தான்.

காந்த பிரேக் இறங்கித் தண்டவாளத்தைக் கவ்வியது.
அடியிலிருந்து பொறிகள்.
பின்னால் யாருடைய பையோ சரிந்து
உருளைக்கிழங்குகள் உருண்டன.
ஒன்றரை மீட்டர் மிச்சம்.
பையன் வாயிலிருந்த பன்னை எடுக்காமலே
கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்துபோனான்.

மணியை அடிக்க மறந்திருந்தாள்.
இப்போது அடித்தாள், ஆளில்லாத தெருவுக்கு.

டிராம் நின்றது
இடப்பக்கக் கதவு இரண்டுக்கும் நேராக.
அவன் வருவது புதன்கிழமை.
இரும்பு சிவக்க எத்தனை நாள் ஆகும் என்று
லுபோமிரிடம் கேட்டு வைக்கவில்லை.