மூன்று ரிங்

காந்தலில் பட்டன் போன்கள்
மண்ணோடுதான் என் கடைக்கு வரும்.
ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் செம்மண்,
சார்ஜர் குழியில் ஒருமுறை
முளைவிட்ட வெந்தயம்.
பழைய பிரஷ்ஷால் தேய்த்து ஊதி
இருபது ரூபாய் என்பேன்.
பிலோமி பதினைந்து வைப்பாள்,
ஒரு கட்டு முள்ளங்கிக் கீரையைக்
கண்ணாடி மேசைமேல் போட்டுப் போவாள்.
அதன் ஈரம் டெம்பர் கிளாஸ் அட்டைகளில் இறங்கும்.

யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசுவதில்லை.
ரீசார்ஜ் கடைக்காரனுக்கு
இதைவிடக் கெட்ட ஊர் உண்டா?
ஒரு ரிங் விட்டு வைத்தால்
பீன்ஸ் மிஞ்சிவிட்டது, பை கொண்டு வா.
இரண்டு என்றால் விதை கேட்கிறார்கள்,
இல்லை, கௌசர் வீட்டில் கோழி எரு வந்திறங்கிவிட்டது.
எது என்பது
காலையா மாலையா என்பதைப் பொறுத்தது.
தப்பித்தவறி எடுத்துவிட்டால்தான் சண்டை:
"எதுக்கு எடுத்தே, காசு போச்சு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல்
தொண்ணூறு வாளி வரைக்கும் எண்ணினேன்.
பெயின்ட் வாளி, மீன் வந்த தெர்மாகோல்,
அடி போன குக்கர்,
கக்கூஸ் சுவர்மேல் மேரக்காய்க் கொடி.
அரிசிச் சாக்கின் வாயைச் சுருட்டி
வளர வளர அவிழ்த்துவிட்டு
உள்ளே உருளைக்கிழங்கு.
கேரட் விளையும் மலைதான் இது.
ஆனால் அது லாரி ஏறி மேட்டுப்பாளையம் போய்
விலை போட்டுக்கொண்டல்லவா
எங்களிடம் திரும்பி வரும்.

மூன்று ரிங் என்றால் பனி.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது
காற்று நின்றுவிடும்,
வானத்தில் ஒரு மேகம் இருக்காது.
டெப்போவில் இரவுக் காவல் பார்க்கும் சூசைநாதன்
பஸ் கண்ணாடியைக் கீறிப் பார்ப்பான்.
நகத்தில் வெள்ளை ஒட்டினால்
பிலோமிக்கு மூன்று ரிங்.
பிலோமி கௌசருக்கு, மாதேவிக்கு,
அவர்கள் அடுத்த சந்துக்கு.
பைசா செலவில்லாமல் காந்தல் முழுக்க
சின்னச் சின்ன நீல வெளிச்சம்,
பிறகு இருட்டில்
சாக்கு உதறும் சத்தம்.

அன்றைக்கு எனக்கும் அடித்தது.
ஒரு செடிகூட இல்லாதவனுக்கு எதற்கு?
கம்பளிக்குள் கிடந்தபடி எண்ணினேன்.
மூன்று.
நான்கு.
நான்குக்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.
எடுத்தேன்.
"மாதேவி நம்பர் போகமாட்டேங்குது.
தற்காலிகமாச் சேவையில் இல்லியாம்."

வேலிடிட்டி.
என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே
முந்தாநாளோடு முடிந்த தேதி.
அதற்கும் முன்னே ஒருநாள் வந்து
கடனுக்குக் கேட்டாள்.
பழைய பாக்கி என்றேன்.
வருகிற அழைப்பையும் நிறுத்திவிடுவார்கள் என்பது
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

படுக்கையிலிருந்தே போட்டுப் பார்த்தேன்,
சர்வர் பிசி.
குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு போய்
கடை வாசல் பிளெக்ஸை அறுத்தெடுத்தேன்.
படியெல்லாம் வழுக்கியது.
அவள் வாளிகளின்மேல் விரித்தபோது
போன் கம்பெனி நடிகை
வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து வந்த மாதேவி
என்னையும் பார்த்தாள், பிளெக்ஸையும் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவரை ஏற்கெனவே பாதி கறுத்திருந்தது.
வெயில் படுவதற்குள் மிச்சத்தைக் கழுவவேண்டும் என்று
ஒரு சொம்பை என் கையில் திணித்தாள்.
விரல் மரத்துப்போகும் வரை
இலை இலையாய்த் தண்ணீர் விட்டோம்.

எட்டரைக்குத்தான் சர்வர் வந்தது.
அவள் போனுக்கு உயிர் வந்ததும்
என் சட்டைப் பையில் ஒரு ரிங் அடித்து நின்றது.

பாதி கருகிய வீட்டில்
என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை.
எடுக்காமல்
பை தேடினேன்.