நூறு வீதப் பொருத்தம்

ஸ்காபரோ, மார்க்கம் வீதி,
பல் வைத்தியருக்கு மேல்மாடி.
இருபத்தொரு வருஷ மொழிபெயர்ப்பு
வெள்ளிக்கிழமைக்குள்
ஒரே இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இதுவரை அது எங்கெங்கோ கிடந்தது:
என் மெயிலில், லூர்டெஸின் மெயிலில்,
கெங்காதரன் அண்ணர் காருக்குள் வைத்திருந்த யூ.எஸ்.பி.யில்,
'கடைசி', 'கடைசி-திருத்தியது',
'இதுதான் கடைசி' என்று பெயரிட்ட
எக்செல் கோப்புகளில்.
ஹோடான் தன் சோமாலிச் சொற்பட்டியலை
நீலக் கொப்பியோடு கொண்டுவந்தாள்.
ஸ்கான் பண்ணிவிட்டுத் திருப்பித் தா,
மகனின் தடுப்பூசித் திகதியும் அதற்குள்தான் என்றாள்.

புதிய மென்பொருள்
வாக்கியத்தைத் துண்டு என்கிறது.
மூலம் தொலைந்த துண்டை அநாதை என்கிறது.
ஆறாயிரத்துச் சொச்சம் அநாதைகளை
முதல் நாளே சிவப்பில் காட்டிவிட்டது.
பழைய வேலையோடு ஒத்துப்போனால் பொருத்தம்:
எழுபத்தைந்து வீதம், எண்பத்தைந்து, நூறு.

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தே
பாதி குழம்பிப்போன சனம் நாங்கள்,
இது நூறும் பார்த்துத் தருகுதே என்று
கெங்காதரன் அண்ணர் பகிடி விட்டார்.
கூலி எப்படி என்று பிறகு கேட்டார்.
நூறுக்குக் கூலி இல்லை.
பகிடி அத்தோடு நின்றது.

இருக்கிற ஊரையே மூன்று விதமாய் எழுதியிருந்தோம்.
ரொறன்ரோ, டொராண்டோ, டொரொன்ரோ.
ஒன்றைத் தெரிவு செய் என்றது. செய்தேன்.
மூன்றிலும் ஒரே பனிதான்.
ஆஸ்பத்திரி, வைத்தியசாலை, மருத்துவமனை:
மதுரையாருக்கும் மன்னாராருக்கும்
ஒரே கட்டில்தானே என்று
மருத்துவமனையை வைத்தேன்.

வியாழன் பின்னேரம்,
துண்டு 18,306. அவசரப் பிரிவுப் படிவம்.
ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, தமிழில் இரண்டு.
'வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?'
'வீட்டில் யாருக்காவது பயப்படுகிறீர்களா?'
இரண்டாவதற்கு மஞ்சள் கொடி.
சொற்பட்டியலில் உள்ள 'பாதுகாப்பு' இதில் இல்லையாம்.

பிரம்டனுக்கு அழைத்தேன்.
நிர்மலேஸ்வரி பாத்திரம் கழுவியபடி பேசினாள்.
"முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தது தெரியுமோ?
'ஓம், ரெண்டு பூட்டுப் போட்டிருக்கு.'
'ஓம், பதினெட்டாம் மாடி, ஆர் ஏறி வரப்போகினம்?'
கையில கட்டோட வந்தவள் ஒருத்தி சொன்னவள்,
கீழ செக்யூரிட்டி நிக்கிறான் எண்டு.
எல்லாத்தையும் பக்கத்தில குறிப்பாப் போட்டனான்.
நீ பாக்கேல்லையே?"

ஓரக் குறிப்புகள் ஏற்றுமதியில் வருவதில்லை.
பயிற்சி தந்த மொன்றியால் பையன் சொன்னவன்தான்.
அன்றைக்கு நான் தலையாட்டினேன்.

பழைய கோப்பைத் திறந்தேன்.
கட்டத்தின் மூலையில்
எறும்பளவு சிவப்பு முக்கோணம்.
அதற்குள் அவள் எழுதியது அறுநூறு எழுத்து.
புதிய பெட்டி ஏற்பது இருநூற்றைம்பது.
பதினெட்டாம் மாடியை வெட்டினேன்.
செக்யூரிட்டியை வெட்டினேன்.
கட்டுப் போட்ட கையில் கொஞ்ச நேரம் நின்று
அதையும் வெட்டினேன்.
இரண்டு பூட்டு மட்டும் மிஞ்சியது.

'பயப்படுகிறீர்களா'வை ஏற்றேன்.
பச்சைச் சரி விழுந்தது.
இனி எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும்
கண்மூடித் திறக்குமுன் போய்ச் சேரும்.
நிர்மலேஸ்வரிக்கு ஒரு சதம் போகாது.
மறுபடி அழைத்து அதைச் சொன்னேன்.
தண்ணீர்ச் சத்தம் நின்றது.
"சரி. ஆனா இனி ஒருத்தரும் மாத்தாமப் பார்" என்றாள்.

கீழே பல் வைத்தியர் கதவைப் பூட்டிவிட்டு
ஒருதரம் இழுத்தும் பார்த்தார்.
மிச்சம் நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று.
அடுத்தது:
வாகனத் தரிப்பிடம், கார் நிறுத்துமிடம், பார்க்கிங்.
மணி ஏழரை.
பார்க்கிங் என்றே விட்டேன்.