பைப் ரெஞ்சின் இடம்

கார் ஷெட்டில் கார் இல்லை.
ரப்பர் ஷீட்டும், கழற்றி வைத்த கதவும்,
விளிம்பு உடைந்த வாஷ்பேசினும் குடியிருக்கிற இடம்.
அங்கே நேற்று வந்து இறங்கியது
ஆறு இழுப்பறைச் சிவப்புப் பெட்டி.
தக்கலையில் மூடிப்போன ஒர்க்‌ஷாப்பினுடையது.
இரண்டாயிரத்து நானூறு. டெம்போ கூலி தனி.

இன்று ஆராதனை முடிந்து வந்ததும்
சேலையை மாற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.
"இதெல்லாம் அடுக்கி ஆருக்குக் காட்டப் போற?"
என்று கேட்ட மெர்வின்
டார்ச்சைப் பிடித்தபடி
பக்கத்திலேயே நின்றான்.

வாளியைக் கவிழ்த்தேன்.
முருங்கையிலிருந்த காகம் பறந்துபோனது.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை;
பன்னிரண்டு-பதிமூன்று மட்டும் மூன்று.
ஸ்க்ரூ டிரைவர்களில் பாதி
பெயின்ட் டப்பா திறந்தே மூக்கு மழுங்கியவை.
குறட்டின் வாய்
இடவப்பாதி மழையில் பூட்டிக்கொண்டது,
ஸ்கூட்டரின் கழிவு ஆயில் மூன்று சொட்டு விட்டு
ஐந்து நிமிஷம் காத்திருந்தால்தான்
ஒரு பேச்சு பேசுகிறது.

அளவு பார்த்து வை என்றான் அவன்.
நான் வேலை பார்த்து வைத்தேன்:
கரண்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று,
தண்ணீர்க் குழாய்க்கு மூன்றாவது.
எதற்கென்றே தெரியாதவற்றுக்கு ஐந்தாவது.
அதுதான் முதலில் நிறைந்தது.

பழைய ஃபோம் பாயை வெட்டி விரித்து
ஒவ்வொன்றையும் படுக்கவைத்து
மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டேன்.
எடுத்தால் வைக்க இடம் தெரியும்.
வைக்காவிட்டால் வைக்காததும் தெரியும்.
மூன்றாவதில் ஒரு கோட்டை
பொருள் இல்லாமலே போட்டேன்:
பதினாலு இஞ்ச் பைப் ரெஞ்ச்.
தாடை, திருகு, நீண்ட கைப்பிடி
எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது.

மெர்வின் மோவாயால் மதிலைக் காட்டினான்.

மாசியில் சோபனராஜின் போர் மோட்டார் இறுகியபோது
கொடுத்தோம்.
பங்குனியில் சர்வேயர் வந்தார்.
ஒன்றேகால் அடி.
ஏழு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை,
எங்கள் ரெஞ்ச் அந்தப் பக்கம்.

வாளியின் அடியில் சிமென்ட் சாக்கு சுற்றி
இன்னும் ஏதோ கிடந்தது.
பிரித்தேன். மஞ்சள் நிற ரசமட்டம்.
முதுகில் ஆணியால் கீறிய எழுத்து: சோ.ரா.
"நம்ம மாடிப்படி கெட்டும்போ வாங்குனது" என்றான்
கூரையைப் பார்த்துக்கொண்டு.
மாடிப்படிக்கு இரண்டு வயது.

எடுத்துப்போய் மதிலின் தலையில்
குறுக்காக வைத்தேன்.
குமிழி மெல்ல ஊர்ந்து
அவர்கள் பக்கம் போய் நின்றது.
"அவன் பக்கம் பொக்கம்! மழவெள்ளம் பூரா நமக்கு!"
மெர்வினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
எனக்கு ஏனோ ஒரு சந்தேகம்.
மட்டத்தைத் தலைமாற்றி வைத்தேன்.
குமிழி
நம் பக்கம் வந்தது.

கொஞ்ச நேரம் இரண்டுபேரும் பேசவில்லை.
பள்ளியாடி ஸ்டேஷன் தாண்டி
திருவனந்தபுரம் வண்டி போனது.
ஷெட்டுக்குள் ஸ்பேனர்கள்
அவரவர் கோட்டுக்குள் சிணுங்கி அடங்கின.

மட்டத்தை மதில்மேலேயே விட்டுவிட்டு வந்தோம்.

ராத்திரி மழை.
காலையில் மதில்மேல் எதுவும் இல்லை.
மட்டமும் இல்லை, அதற்குப் பதிலாக வேறொன்றும் இல்லை.
அந்தப் பக்கம் குழாயை யாரோ
இறுக்குகிற சத்தம் மட்டும்.
நழுவாத தாடை. கேட்டாலே தெரியும், நம்முடையது.
பிறகு, எங்களுக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ,
மனைவியிடம் சோபனராஜ் உரக்கச் சொன்னான்:
"பிள்ளே, இது மட்டம் பிசகுன சாதனம்லா!
களையச் சொல்லி அன்னைக்கே சொன்னேன்லா!"

மெர்வின் மாடிப்படியைப் பார்த்தான்.
நாலாம் படியில்
ராத்திரி மழை
அப்படியே நின்றது.