தொடவும்

டெண்டரில் ஒரே வரி:
வரவேற்பு மையம், ஊடாடும் காட்சிகள், எண்ணிக்கை ஏழு.
ஊடாடும்னா என்ன மேடம், வெல்டர் கேட்டார்.
தொட்டா பதில் சொல்லணும், என்றேன்.
அப்போ எங்க வீட்ல ஒண்ணுமே ஊடாடாது, என்று
முகமூடியை இறக்கிக்கொண்டார்.

கருப்பூர் தாண்டி, பெங்களூர் சாலை ஓரம்
பல்கலைக்கழகத்தின் புதுக் கண்ணாடிக் கூடம்.
நடுவில், பைபரில் வார்த்த சேர்வராயன் மலை.
இருபது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கு ஒரு விளக்கு, விளக்குக்கு ஒரு துறை.
மூன்றில் புவியியல். ஏழில் தாவரவியல்.
பத்தொன்பதில் தத்துவம்.
அவ்வளவு உயரம் யார் ஏறப்போறா என்று
அப்ரோஸ் அதற்குப் பல்பே மாட்டவில்லை.

முகப்புத் திரையில் யார் சிரிப்பது என்று முடிவாக
மூன்று வாரம் ஆனது.

ஒத்திகைக்குச் சேர்க்கை நாளைத் தேர்ந்தோம். நல்ல கூட்டம்.
வந்தவர்கள் கேட்டதைக் குறித்து வைத்திருக்கிறேன்:
பாத்ரூம் எங்கே.
செலான் எங்கே கட்டணும்.
ஜெராக்ஸ் கடை உள்ளேயா வெளியேயா.
இங்க கொஞ்சம் உட்காரலாமா, ஏசி நல்லா இருக்கு.
மலை தன்பாட்டுக்குப் பளபளத்து நின்றது.
கையைப் பின்னால் கட்டிச் சுற்றி வந்தார்கள்,
பிள்ளைகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி.
காவலர் சடையனும் பழக்கதோஷத்தில்
"தள்ளி நின்னு பாருங்க, தள்ளி நின்னு."

தொடவும் என்று எழுதியிருந்தோம்,
உள்ளங்கை அகல எழுத்தில்.
தள்ளி நில் என்பது
எத்தனை வாசலில் நின்று பழகிய சொல்.
என் எழுத்துரு போன மாதம் வாங்கியது.

ஒருவர் மட்டும் தொட்டார். அங்காயி,
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறவர்.
மலையடிவாரத்துக் கண்ணாடிப் பலகையில்
ஒற்றை விரல் வைத்தார். மலை பேசவில்லை.
அழுத்தினார். இல்லை.
மகள் கமலி தொட்டாள்: இயற்பியல் திறந்தது, இசையோடு.
மறுபடி அம்மா. இல்லை.
முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு
படிச்ச கைக்குத்தான் போல, என்றார்.
கோபமெல்லாம் இல்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி.

கண்ணாடி தேடுவது தோலின் ஈரத்தை.
கத்தியும் மாவும் காய்ச்சிய விரலில்
அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
இருநூறு தடவை சோதித்தோம்தான்.
என் விரல். அப்ரோஸ் விரல். இரண்டும் கீபோர்டு விரல்.

அன்றிரவு உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போனான்.
ஒரு கட்டத்தில் ஈ வந்து உட்கார்ந்தது.
எம்.காம். திறந்தது.
போதும், கழற்று, என்றேன்.

லீ பஜார் பின்சந்தில் பழைய இரும்பு.
அங்கே கிடைத்தது, அடிபம்புக் கைப்பிடி ஒன்று.
ஒரு அடிக்கு ஒரு வளைவு எரியும்;
விட்டால் மெல்ல இறங்கி அணையும்.
இது வரவேற்பு மையமா தெருக்குழாயா என்றார்
துணைப் பதிவாளர் தாரகேஸ்வரி.
பின் தானே இரண்டு அடி அடித்துப் பார்த்தார்.
கோப்பில் அதன் பெயர்:
மனித ஆற்றல் உள்ளீட்டுக் கருவி, ஒன்று.

அங்காயி மறுபடி வரவில்லை.
கமலிக்கு இடம் கிடைத்ததா, தெரியாது.
அதைச் சொல்கிற காட்சி
ஏழில் ஒன்றாக இல்லை.

எண்ணி மட்டும் இருந்திருக்கிறது, உள்ளே ஒரு சிப்பு.
பகலில் நூறு, இருநூறு அடி, அரைகுறையாய்.
ஆனால் தினமும் இரவு ஒன்பது நாற்பதுக்கு
விடாமல் இருபது.

சடையன் மறைக்கவில்லை.
பூட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா ஏறி இறங்குவேன் மேடம்.
ஒண்ணு எரியல. உச்சிக்கு முந்தினது.
அது தத்துவம்ணே, என்றேன்.
என்னவோ இருக்கட்டும், பல்பு போடுங்க.
வளைவுல இருட்டு ஆகாது.

பதினெட்டு ரூபாய்.
பில்லில் ஏற்றவில்லை.